தலத்தெருப் பிள்ளைக்கு எந்த ஊர்ப் பாடம்?

காரைக்காலை ஒட்டிய ஊர் தலத்தெரு. 1954 வரை அங்கே பிரெஞ்சுக்காரர் ஆட்சி. பள்ளிக்கூடத்திலும் அவர்கள் வைத்ததே சட்டம்!

பிறகு காரைக்கால், புதுச்சேரியோடு இந்தியாவில் சேர்ந்தது. புதுச்சேரிக்குச் சொந்தமாகத் தேர்வு வாரியம் கிடையாது. ஆகவே தமிழ்நாட்டுப் பாடமே இங்கும் நடந்தது.

2024-25-ல் அரசுப் பள்ளிகள் முழுவதும் டெல்லியின் சி.பி.எஸ்.இ. பாடத்துக்கு மாறின.

அகில இந்தியப் பரீட்சைகளுக்கு இது உதவும் என்றது அரசு. ஏழைப் பிள்ளைகள் திணறுவார்கள், தமிழ் பின்தங்கும் என்றனர் எதிர்த்தவர்கள்.

தனியார் பள்ளிகள் பலவற்றிலோ பழைய பாடமே! ஒரே தெருவில் அண்ணன் மகனுக்கு ஒரு புத்தகம், தம்பி மகனுக்கு வேறு புத்தகம்.

பாரிஸ், சென்னை, டெல்லி என்று அதிகாரம் கை மாறியது. "பிள்ளைக்குப் புரிகிறதா?" என்று தலத்தெருத் தாயையும் ஒரு வார்த்தை கேட்க வேண்டாமா?