வெளிநாட்டில் பொறியியல் மேற்படிப்பு: முதலில் விண்ணப்பம், பிறகே சேமநிதி

தஞ்சோங் ரம்புத்தானில் பால்மரம் சீவும் தொழிலாளர் ஒருவர் அண்மையில் நம்மிடம் ஒரு கேள்வி கேட்டார். "என் மகள் பொறியியல் பட்டம் பெற்றுவிட்டாள். வெளிநாட்டில் முதுகலை படிக்க விரும்புகிறாள். சேமநிதிப் பணத்தை எடுத்து முகவரிடம் கட்டிவிடலாமா, ஐயா?"

இதே எண்ணம் வேறு பெற்றோர்க்கும் இருக்கக்கூடும். ஆகவே, நாம் அளித்த விடையை இங்கே தருகின்றோம். பணம் கட்டுவது முதற்படி அன்று. அதுவே இறுதிப் படி.

முதலில், கையிலுள்ள பட்டம் மலேசியப் பொறியியலாளர் வாரியத்தின் அங்கீகாரம் பெற்றதா என்று பார்த்தல் வேண்டும். வாஷிங்டன் உடன்படிக்கையில் மலேசியா 2009ஆம் ஆண்டில் முழு உறுப்பு நாடாயிற்று. அதன் பயனாக, அங்கீகாரம் பெற்ற நம் நாட்டு இளங்கலைப் பட்டத்தைப் பிரிட்டன், ஆஸ்திரேலியா முதலிய உறுப்பு நாடுகளின் பொறியியல் அமைப்புகள் தம் பட்டத்துக்கு நிகராக மதிக்கின்றன.

இரண்டாவதாக, ஓராண்டுக்கு முன்பே ஆயத்தமாதல் வேண்டும். புள்ளிப் பட்டியல், விரிவுரையாளர்களின் பரிந்துரைக் கடிதங்கள், இப்பாடத்தை ஏன் பயில விரும்புகிறார் என்று விளக்கும் கட்டுரை, ஆங்கிலத் தேர்வின் முடிவு ஆகியவை பொதுவாகக் கேட்கப்படும். ஐ.இ.எல்.டி.எஸ். தேர்வின் முடிவு ஈராண்டுகளுக்கே செல்லும்.

மூன்றாவதாக, உபகாரச் சம்பளத்தைத் தேடுதல் வேண்டும். பிரிட்டிஷ் அரசாங்கத்தின் செவனிங் உபகாரச் சம்பளம் ஓராண்டு முதுகலைப் படிப்புக்குரியது. அதற்கு 2,800 மணி நேர வேலை அனுபவம் தேவை. படிப்பு முடிந்ததும் ஈராண்டுகள் தாய்நாட்டில் இருத்தல் வேண்டும். ஜெர்மனியின் அரசாங்கப் பல்கலைக்கழகங்கள் பலவற்றில் கல்விக் கட்டணம் இல்லை; எனினும், வாழ்க்கைச் செலவுக்குப் பணம் இருப்பதைக் காட்டுதல் வேண்டும்.

விண்ணப்பத்தைப் பல்கலைக்கழகத்துக்கு நேராகவே அனுப்பலாம். முகவர்கள் பலர் பல்கலைக்கழகங்களிடமிருந்து தரகு பெறுகின்றனர். ஆதலால், தமக்குத் தரகு தரும் இடத்தையே அவர்கள் நல்ல இடம் என்று கூறக்கூடும்.

இடம் கிடைத்ததற்கான கடிதம் கைக்கு வந்த பின்னரே சேமநிதியைப் பற்றி எண்ணுதல் வேண்டும். அக்கடிதத்தைக் காட்டி, பிள்ளையின் உயர்கல்விக்காகச் செஜாத்திரா கணக்கிலிருந்து பணம் எடுக்கலாம். ஓய்வுக்காலக் கணக்கு அதற்குரியதன்று.

நட்ட ரப்பர்க் கன்று சீவும் பருவத்தை அடைய ஐந்தாறு ஆண்டுகளுக்கு மேலாகிறது. அதற்குமுன் அதில் கத்தி வைப்பார் எவருமிலர். முதுமைக்கெனச் சேர்த்த பணத்திலும் அதே பொறுமை வேண்டும். பிள்ளையின் படிப்பும் கெடாமல், பெற்றோரின் சேமிப்பும் கரையாமல் இருக்க இவ்வரிசையே துணைசெய்யும்.