விசிறியைச் சூழ்ந்த கூடு

நமது கல்லூரியில் முன்னாளில் பௌதிகம் பயின்று, இப்பொழுது அமெரிக்காவில் கலிபோர்னியா மாகாணத்தில் வசித்துவரும் அன்பர் ஒருவர், சென்ற விடுமுறையில் நம்மைக் காண வந்திருந்தார். பேச்சு அவருடைய ஜீப் வண்டியைப்பற்றிச் சென்றது. பாதையற்ற இடங்களில் வண்டி செலுத்துவதை அந்நாட்டார் பலர் ஒரு விளையாட்டாகவே கொண்டிருக்கின்றனர். சியெரா நெவாடா மலையில் தாஹோ ஏரியை நோக்கிச் செல்லும் ரூபிகன் தடம் இதற்குப் பெயர்பெற்றது. அதன் நீளம் சுமார் 22 மைல். பாறைகளின்மேல் ஏறியிறங்கும் அவ்வழியில் வண்டி பல இடங்களில் மனிதன் நடக்கும் வேகத்திற்கும் குறைவாகவே ஊர்ந்து செல்லவேண்டும்.

அத்தடத்தில் அன்பருடைய வண்டி கொதித்து நின்றுவிட்டதாம். சிலிண்டர் தலையின் கீழுள்ள கேஸ்கட்டும் எரிந்துபோயிற்று. காரணம் யாதென வினவினோம். ரேடியேட்டருக்குப் பின்னால் விசிறியைச் சூழ்ந்திருந்த கூட்டை, அதாவது ஷ்ரௌடு என்று வழங்கும் உறுப்பை, ஒரு மாதத்திற்குமுன் கழற்றிவிட்டதாகக் கூறினார். "வெறும் பிளாஸ்டிக் வளையந்தானே, ஐயா!" என்றார். கற்பித்தவர்களாகிய நமக்கு இது சிறிது நாணத்தையே விளைத்தது. ஆகவே இக்கூட்டின் தொழிலைச் சற்று விளக்கமாகவே எழுதத் துணிந்தோம்.

எஞ்சினில் எரியும் பெட்ரோலின் உஷ்ணத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கே வண்டியை இழுக்கப் பயன்படுகின்றது. மற்றொரு பங்கு புகையோடு வெளியேறும். எஞ்சியதைக் குளிர்நீர் ஏற்றுக்கொண்டு ரேடியேட்டருக்குக் கொணர்கின்றது. அங்கே மெல்லிய தகடுகளினூடே செல்லும் காற்று அதனைக் கவர்ந்து செல்லவேண்டும். நெடுஞ்சாலையில் விரையும் வண்டிக்கு எதிர்க்காற்றே போதும். விசிறிக்கு வேலை சிறிதே. பாறையின்மேல் ஊரும் வண்டிக்கோ எதிர்க்காற்று என்பதே இல்லை. அங்கே விசிறி ஒன்றே கதி.

இனி ஒரு சிறு கணக்கு. ரேடியேட்டர் சதுரம், விசிறி வட்டம். 18 அங்குலப் பக்கமுள்ள சதுரத்தின் பரப்பு 324 சதுர அங்குலம். அதனுள் அடங்கும் மிகப்பெரிய வட்டத்தின் பரப்பு சுமார் 254. விசிறி 16 அங்குல விட்டமுடையதாயின், சுமார் 201 மட்டுமே. கூடு இல்லாவிடின் மூலைகளிலுள்ள தகடுகளின் வழியே காற்று மிகக் குறைவாகவே செல்லும். நூற்றுக்கு முப்பதுக்கு மேற்பட்ட பரப்பு ஏறத்தாழ வீணாகின்றது. கூடோ ரேடியேட்டரின் விளிம்புகளைத் தழுவித் தொடங்கி, புனலைப்போலக் குறுகி, விசிறியைச் சுற்றி வளையமாக முடிகின்றது. விசிறி இழுக்கும் காற்று யாவும் தகடுகளின் வழியாகவே வந்தாகவேண்டும்.

இதனினும் நுட்பமானது மற்றொன்று உண்டு. விசிறியின் பின்புறத்தில் காற்றின் அழுத்தம் மிகுதி, முன்புறத்தில் குறைவு. மிகுதியான இடத்திலிருந்து குறைவான இடத்திற்குக் காற்று பாயுமென்பதைப் பள்ளிச் சிறுவரும் அறிவர். இறகுகளின் நுனியைச் சுற்றி ஒரு தடையும் இல்லாவிடின், பின்னே தள்ளப்பட்ட சூடான காற்றே சுழன்று முன்னே வந்து மீண்டும் விசிறியினுள் புகும். விசிறி ஓயாமல் சுழலும். ஆனால் அதே காற்றைத்தான் அரைத்துக்கொண்டிருக்கும்!

இதனைக் கண்ணாற் காண விரும்புவோர் ஒரு தாளைக் கொண்டு சோதிக்கலாம். எஞ்சின் சூடேறி நின்றபடி ஓடும்பொழுது, வண்டியின் முன்புறச் சட்டத்தின்மேல் தாளை வைக்கவேண்டும். கூடு இருப்பின் அது மூலைகளிலும் ஒட்டிக்கொள்ளும். கூடு இல்லையேல் நடுவில் மட்டும் ஒட்டி, மூலைகளில் நழுவி விழும். (சோதனை செய்வோர் வண்டியின் முன்புறத்தோடு நிற்க, மூடியைத் திறந்து சுழலும் இறகினருகே கை நீட்டற்க. கைகளைக் காப்பதும் கூட்டின் தொழிலே.)

இத்துணைப் பயனுள்ளதை ஏன் கழற்றுகின்றனர்? அன்பருடைய வண்டி 1997 முதல் 2006 வரை வெளிவந்த ராங்லர் வகையைச் சேர்ந்தது. பெரிய டயர்களுக்கு இடம் வேண்டி, உடலுக்கும் சேஸிக்கும் இடையே ஓர் அங்குலக் கட்டைகளை வைத்து உடலை உயர்த்தியிருந்தார். அவ்வகையில் ரேடியேட்டரும் கூடும் உடலின் முகப்போடு சேர்ந்தவை. எஞ்சினும் விசிறியுமோ சேஸியோடு சேர்ந்தவை. உடல் உயரவே கூடும் உயர்ந்தது; விசிறி இருந்த இடத்திலேயே இருந்தது. வளையத்தின் கீழ்விளிம்பை இறகுகள் உராயத் தொடங்கின. ஓசை பொறாமல் கூட்டையே நீக்கிவிட்டார்.

உடலை உயர்த்தாத பழைய வண்டிகளிலும் இவ்வுராய்தல் நேர்வதுண்டு. எஞ்சினைத் தாங்கும் ரப்பர் தாங்கிகள் நைந்து எஞ்சின் தாழ்வதே அங்கே காரணமாக இருக்கலாம். அந்நிலையில் கூட்டை நீக்குவது, நோயை அறிவித்த தூதனைத் தண்டித்து நோயை வளர்ப்பதாகும்.

செய்யத்தக்கது என்ன? எஞ்சினையும் உயர்ந்த தாங்கிகளின்மேல் ஓர் அங்குலம் ஏற்றிவிடுவது ஒரு வழி. விசிறி மீண்டும் வளையத்தின் நடுவே நிற்கும். இல்லையேல், கூட்டைப் பொருத்தும் துளைகளைப் புதிதாக இட்டு அதனை மட்டும் ஓர் அங்குலம் தாழ்த்தலாம். மேலே தோன்றும் சந்தை ரப்பர்ப் பட்டையால் அடைத்தல் வேண்டும். கீழ்விளிம்பை வெட்டிவிடுவோரும் உளர். அது ஒன்றுமில்லாததற்கு மேல்; ஆயினும் கீழே வாய் திறந்தும் மேலே இடைவெளி அகன்றும் போவதால் நாம் அதனை விரும்போம். எஞ்சின் குலுங்கும் வண்டியில் இறகு நுனிக்கும் வளையத்திற்கும் ஏறக்குறைய ஓர் அங்குலம் இடைவெளி வேண்டும். இறகின் அகலத்தில் பாதியளவு வளையத்தினுள் இருப்பது நன்று.

மின்சார விசிறியை மாற்றிப் பொருத்துவதும் உண்டு. எஞ்சின் மெல்லச் சுழலும்போதும் அது தன் வேகத்தில் சுழலும் என்பது மெய். ஆனால் அதற்கும் கூடு வேண்டும். 2007-இல் வெளிவந்த அடுத்த ராங்லர் வகை, மின்விசிறியையும் கூட்டையும் ஒருங்கே கொண்டே வந்தது.

கூடு வேண்டா என்போர் கூற்று முற்றும் பொய்யன்று. மிகு வேகத்தில் அது எதிர்க்காற்றைச் சிறிது தடுக்கும். சில கூடுகளில் அதற்கெனத் திறந்துகொள்ளும் ரப்பர்க் கதவுகளை வைத்துள்ளனர். நெடுஞ்சாலையில் சோதித்து "ஒரு குறையுமில்லை" என்று நம் அன்பர் மகிழ்ந்ததும் இதனாலேயே. சதுர அங்குலத்திற்கு 15 பவுண்டு அழுத்தம் தாங்கும் ரேடியேட்டர் மூடி இருப்பின், தூய நீரும் ஏறக்குறைய 120 டிகிரி சென்டிகிரேடு வரை கொதிப்பதில்லை. ஆகவே குறை மறைந்தே கிடந்து, மலையின் நடுவில், உதவி கிட்டாத இடத்தில் வெளிப்பட்டது.

அன்பரிடமிருந்து இப்பொழுது கடிதம் வந்துள்ளது. பழைய கூட்டைத் தேடியெடுத்து, புதுத்துளைகளிட்டு, ஓர் அங்குலம் தாழ்த்திப் பொருத்தியிருக்கிறார். தாள் நான்கு மூலைகளிலும் ஒட்டியதாம். ரூபிகன் தடத்தில் பனி மூடியிருப்பதால், அங்கே சென்று பார்க்கக் கோடைவரை காத்திருக்கவேண்டுமென எழுதியுள்ளார்.