அலாரத்தின் வாயை அடைக்கும் கிளிப்

கட்டைவிரல் அகலத்துக்கு ஓர் உலோகத் தகடு. பிடித்து இழுக்க வாகாக மேலே ஒரு பிளாஸ்டிக் தலை. அதில் உங்களுக்குப் பிடித்த கார் கம்பெனியின் சின்னம். சீட் பெல்ட் மாட்டும் பக்கிளில் இதைச் செருகிவிட்டால், பெல்ட் போட்டாயிற்று என்று கார் நம்பிவிடும். ‘பீப்... பீப்’ சத்தம் நின்றுபோகும். பெல்ட் பாட்டுக்குப் பக்கத்தில் சும்மா தொங்கிக்கொண்டிருக்கும்.

இந்தக் கிளிப்புக்கு இதைத் தவிர வேறு வேலை கிடையாது. விற்பவர்களுக்கும் அது தெரியும். சிலர் இதற்கு பாட்டில் ஓப்பனர், சிகரெட் லைட்டர் என்றெல்லாம் வேஷம் கட்டி இணையத்தில் விற்றதை மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையமே சுட்டிக்காட்டியது. அமேசான், பிளிப்கார்ட் உள்ளிட்ட ஐந்து தளங்களுக்கு எதிராக 2023 மே மாதம் ஆணையம் உத்தரவு போட்டது. 13,118 விற்பனைப் பதிவுகள் நீக்கப்பட்டன.

ஒரு சின்னத் தகட்டுக்கு ஏன் இத்தனை ஆர்ப்பாட்டம் என்று கேட்பவர்கள் மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் கணக்கைப் பார்க்க வேண்டும். 2021இல் மட்டும் சீட் பெல்ட் அணியாமல் இறந்தவர்கள் 16,397 பேர். அவர்களில் ஓட்டுநர்கள் 8,438 பேர். மீதி 7,959 பேர் ஸ்டியரிங்கைத் தொடாத பயணிகள்.

அந்த அலாரம் காருக்குள் தானாக வந்துவிடவில்லை. ஓட்டுநருக்கு ஏர்பேக், முன்னிருக்கை இரண்டுக்கும் பெல்ட் அலாரம், 80 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டினால் எச்சரிக்கை ஒலி, ரிவர்ஸ் சென்சார் இவையெல்லாம் 2019 ஜூலை 1 முதல்தான் இந்தியக் கார்களில் கட்டாயம். சட்டம் போட்டுக் கொண்டுவந்த கருவியைத்தான் காசு கொடுத்து வாங்கிய ஒரு தகட்டால் ஊமையாக்குகிறோம்.

‘என் கார், என் உயிர். நடுவில் சர்க்கார் எதற்கு?’ இந்தக் கேள்வி நம் ஊருக்கு மட்டும் சொந்தமில்லை. அமெரிக்காவில் 1974ஆம் ஆண்டு மாடல் கார்களில், முன்னால் உட்கார்ந்தவர் பெல்ட் மாட்டாவிட்டால் இன்ஜினே ஸ்டார்ட் ஆகாது. பக்கத்து சீட்டில் மளிகைப் பையை வைத்தால்கூட, யாரோ பெல்ட் போடாமல் உட்கார்ந்திருக்கிறார் என்று கார் முரண்டு பிடித்தது. ஜனங்கள் கொதித்துப்போனார்கள். அந்த ஆண்டு அக்டோபரிலேயே நாடாளுமன்றம் பணிந்தது. இப்படி ஒரு பூட்டை அரசு கட்டாயமாக்கக் கூடாது என்று சட்டம் போட்டது; அத்தோடு விடாமல், எட்டு விநாடிக்கு மேல் ஒலிக்கும் அலாரத்தையும் கட்டாயமாக்கக் கூடாது என்றது. அந்த எட்டு விநாடிக் கட்டுப்பாடு 2012 வரை நீடித்தது. உயிர் காக்கும் கருவியை அரைகுறையாகத்தான் கத்தச் சொல்லலாம் என்று சட்டமே அதிகாரிகளின் கையைக் கட்டிப்போட்ட விநோதம் அது. நியாயமான விதியை எரிச்சலூட்டும் விதத்தில் திணித்தால் விதியே போய்விடும் என்பதை அதிகாரிகள் அங்கே பட்டுத்தான் தெரிந்துகொண்டார்கள்.

ஆனால், ‘என் உயிர்’ என்ற வாதம் பின்சீட்டுக்கு வரும்போது படுத்துவிடுகிறது. மோதலில் கார் நின்றுவிடும்; பெல்ட் போடாத உடம்பு நிற்காது, அதே வேகத்தில் முன்னால் பாயும். பின்னால் இருப்பவர் முன்சீட்டுக்காரரின் முதுகில் போய் மோதுவார். பெல்ட் போட்டிருந்தும் அடிபடுபவர் அந்த முன்சீட்டுக்காரர்தான். இங்கே தனிமனித சுதந்திரம் பேசுவது அடுத்தவர் உயிரில் கைவைத்துப் பேசுவது.

2022 செப்டம்பர் 4 அன்று, மகாராஷ்டிரத்தின் பால்கர் அருகே தொழிலதிபர் சைரஸ் மிஸ்திரி விபத்தில் இறந்தார். விலை உயர்ந்த கார்தான். முன்சீட்டில் இருந்த இருவர் பிழைத்தார்கள். பின்சீட்டில் இருந்த இருவரும் இறந்தார்கள். பின்னால் இருந்தவர்கள் பெல்ட் அணிந்திருக்கவில்லை என்றது காவல்துறை. பின்சீட்டுக்கும் அலாரம் வேண்டும் என்ற வரைவு விதி அதே மாதம் வெளியானது. ஆறு ஏர்பேக் கட்டாயம் என்ற திட்டத்தை ஓராண்டுக்கு ஒத்திவைத்ததும் அதே மாதம்தான். அந்தக் கெடு நெருங்கிய 2023 செப்டம்பரில், ஆறு ஏர்பேக்கைக் கட்டாயமாக்கப் போவதில்லை என்று அமைச்சர் நிதின் கட்கரி சொல்லிவிட்டார்.

ஏர்பேக் இருக்கிறதே, பெல்ட் எதற்கு என்று நினைப்பவர்கள்தான் பெரிய ஆபத்தில் இருக்கிறார்கள். ஏர்பேக், பெல்ட்டுக்குத் துணையாக வந்த கருவி. கண் இமைக்கும் நேரத்துக்குள் வெடித்து விரியும். பெல்ட் இழுத்துப் பிடித்திருந்தால் மெத்தை. பிடிக்காமல் முகம் கிட்டத்தில் போய்விட்டால் அறை. 1990களில் அமெரிக்காவில் குழந்தைகளும் குள்ளமான பெண்களும் ஏர்பேக் அடித்தே இறந்தார்கள். அதன் பிறகுதான் அதன் விசையைக் குறைக்க அங்கே விதியைத் தளர்த்தினார்கள். பாதுகாப்புக் கருவிக்கும் கண்காணிப்பு தேவை என்பதற்கு அதைவிடச் சாட்சி வேண்டியதில்லை.

நம் ஊரில் புதுக் கார் ஷோரூமிலிருந்து நேராகப் போவது கோயிலுக்கு. அடுத்து சீட் கவர் போடும் கடைக்கு. கவரை இழுத்து மாட்டும்போது பின்சீட்டு பக்கிள்கள் அடியில் புதைந்துபோகும். இருக்கையின் ஓரத்தில் ஏர்பேக் உள்ள கார்களில், அது கிழித்துக்கொண்டு வெளியே வர வேண்டிய தையலையும் தடிமனான கவர் மூடிவிடும். கம்பெனி பொறியாளர்கள் கணக்குப் போட்டு வைத்ததை அரை மணி நேரத்தில் அழகுபடுத்திக் கெடுத்துவிடுகிறோம்.

மோட்டார் வாகனச் சட்டத்தின் 194பி பிரிவு, பெல்ட் போடாதவருக்கு 1,000 ரூபாய் அபராதம் விதிக்கிறது. அந்தச் சட்டத்தில் அலாரத்தை ஏமாற்றும் கருவி என்று தனியாகப் பெயர் சொல்லி எதுவும் இல்லை. இணையத் தளங்கள் மீதான நடவடிக்கைகூட நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் வழியாக வந்ததுதான். ஏர்பேக் சென்சாரைக் கெடுக்கும் முன்பக்கக் கம்பிகளை, அதாவது ‘புல் பார்’களைக் கழற்றச் சொல்லி 2017 டிசம்பரில் மாநிலங்களுக்குக் கடிதம் எழுதத் தெரிந்த மத்திய அரசுக்கு, இந்தத் தகட்டைச் செய்வதும் விற்பதும் குற்றம் என்று ஒரு வரி எழுதுவது கஷ்டமில்லை. இணையத்தில் மட்டும் தடுத்துவிட்டுக் கடைகளை விட்டுவைப்பது கண்துடைப்பு. பெல்ட் போடாதவரைப் பிடிக்கும் சட்டம், போடாமலிருக்க வழி விற்பவரையும் பிடிக்க வேண்டும்.

அது வரும்போது வரட்டும். உங்கள் காரில் அந்தக் கிளிப் இருந்தால் கழற்றி எறியுங்கள். சீட் கவருக்கு அடியில் பின்சீட்டு பக்கிள் புதைந்து கிடந்தால், அடுத்த பயணத்துக்கு முன் அதை வெளியே எடுத்துவிடுங்கள்.