மிதிவண்டியும் அதன் காவலும்



புதிதாக மிதிவண்டி வாங்கச் செல்வோர் பெரும்பாலும் வண்டியின் நிறத்தையும் தோற்றத்தையும் விலையையும் ஆராய்வர். கையிலுள்ள பணம் முழுவதையும் வண்டிக்கே கொடுத்துவிட்டு வெளியே வருவர். விளக்கு அடுத்த மாதம், பூட்டு அதற்கடுத்த மாதம் என்று தள்ளிவைப்பர். விபத்தும் களவும் அவ்வாறு நாள் பார்த்து வருவன அல்ல. ஆதலின், வண்டியோடு உடன் வாங்க வேண்டியவை யாவை, அவற்றுள் எது முந்தியது, எது பிந்தியது, வண்டியைக் களவு போகாமல் காப்பது எவ்வாறு என்பவற்றை இன்று எடுத்துரைக்க விரும்புகின்றேன்.

காஞ்சிபுரம் மாவட்டத்திலுள்ள ஒரகடத்தை எடுத்துக்காட்டாகக் கொள்வோம். வண்டலூரிலிருந்து வாலாஜாபாத் செல்லும் சாலையும், சிங்கப்பெருமாள் கோயிலிலிருந்து திருப்பெரும்புதூர் செல்லும் சாலையும் குறுக்கிடும் இடம் அது. அங்கே 2010-ஆம் ஆண்டில் ரெனோ-நிஸ்ஸான் கார்த் தொழிற்சாலையும், 2012-இல் டெய்ம்லர் லாரித் தொழிற்சாலையும், 2013-இல் ராயல் என்பீல்டு மோட்டார் சைக்கிள் தொழிற்சாலையும் திறக்கப்பட்டன. மோட்டார் வண்டிகளைச் சோதித்துச் சான்றளிக்கும் ஆராய்ச்சி மையம் ஒன்றும் ஆங்கு உண்டு. பிரேக்கு எத்தனை தொலைவில் நிறுத்துகிறது, விளக்கு எவ்வளவு ஒளி தருகிறது என்று அளந்து பார்த்த பின்னரே ஒரு புதிய கார் விற்பனைக்கு வரலாம். ஆனால் அதே சாலையில், பெரும்பெட்டிகளைச் சுமந்து செல்லும் லாரிகளின் ஓரமாக மிதிவண்டியில் செல்லும் மாணவனையோ தொழிலாளியையோ அவ்வாறு சோதிப்பவர் எவருமில்லை. அவனுக்கு அவனே சோதனையாளன். இந்தப் பொறுப்பை உணர்ந்து கொள்வதே இன்றைய பேச்சின் கருத்து.

பழைய வகைச் சைக்கிளில் மணி, ஸ்டாண்டு, மட்கார்டு, சங்கிலிக் கவசம், பின்சக்கரப் பூட்டு ஆகியவை பெரும்பாலும் சேர்ந்தே வரும். இக்காலத்து இளைஞர் விரும்பும் ‘ரோடு பைக்’ அத்தகையதன்று. மெல்லிய டயரும் வளைந்த கைப்பிடியும் உடைய அவ்வண்டி, எடை குறைந்து விரைந்து ஓட வேண்டும் என்பதற்காக, இத்துணைக்கருவிகள் பலவும் இல்லாமலே விற்கப்படுகிறது. ஆகையால் வாங்குவோர் தம் பணத்தில் ஐந்தில் ஒரு பங்கையேனும் இவற்றுக்கென முதலிலேயே ஒதுக்கிவிட்டு, எஞ்சியதற்கு ஏற்ற வண்டியைத் தேர்வது நன்று.

உயிரைக் காப்பன முதலில். வழியில் நின்றுவிடாமல் காப்பனவும் பொருளைக் காப்பனவும் அடுத்து. அழகு செய்வன இறுதியில். இதுவே வரிசை.

விளக்குக்கு இரண்டு பணிகள் உள்ளன. நாம் பாதையைக் காண்பது ஒன்று. பிறர் நம்மைக் காண்பது மற்றொன்று. நெடுஞ்சாலையில் இரண்டாவதே பெரிது. கணக்கிட்டுப் பாருங்கள். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் வரும் லாரி ஒரு விநாடியில் ஏறத்தாழ 17 மீட்டர் கடக்கிறது. முன்னே ஏதோ இருக்கிறது என்று கண்டு, இன்னதென உணர்ந்து, ஓட்டுநர் பிரேக்கை மிதிப்பதற்கு ஒன்றரை விநாடி ஆகும் எனக் கொண்டால், அதற்குள்ளாகவே லாரி 25 மீட்டர் வந்துவிடுகிறது. மிதித்த பின்னரும் சுமையேற்றிய லாரி உடனே நின்றுவிடாது. மேலும் பல மீட்டர் ஓடியே நிற்கும். எனவே அந்த ஓட்டுநர் நம்மை வெகு தொலைவிலேயே கண்டாக வேண்டும். முன்னே வெள்ளை விளக்கும் பின்னே சிவப்பு விளக்கும் இன்றியமையாதவை. இரண்டுள் ஒன்றுக்கே பணம் உண்டெனில், பின்விளக்கை முதலில் வாங்குங்கள். பின்னால் வரும் வண்டியை நாம் காண்பதில்லை அன்றோ!

பின்னே ஒளிதிருப்பும் சிவப்பு வில்லை இருக்கிறதே, விளக்கு எதற்கு என்று சிலர் கேட்பர். அவ்வில்லை தானே ஒளிர்வதன்று. அதனுள் கனசதுரத்தின் மூலை போன்ற சிறுசிறு அமைப்புகள் உள்ளன. எத்திசையிலிருந்து ஒளி வந்ததோ அத்திசைக்கே அவை அதனைத் திருப்பி அனுப்புகின்றன. இங்கிலாந்தில் பெர்சி ஷா என்பவர் 1934-ஆம் ஆண்டில் உருவாக்கிய, சாலையில் பதிக்கும் ‘பூனைக்கண்’ செய்வதும் இதே வேலையைத்தான். மோட்டாரின் முகவிளக்கு அதன்மீது விழும்போது மட்டுமே அது பளிச்சிடும். குறுக்குச் சாலையிலிருந்து திரும்பும் வண்டியின் ஒளி அதன்மீது விழுவதில்லை. அவ்வண்டிக்கு நாம் இருளில் கலந்தே நிற்போம். வில்லை விளக்குக்குத் துணை. விளக்குக்கு மாற்று ஆகாது.

அடுத்தது தலைக்கவசம். மிதிவண்டி ஓட்டுவோர் அதனை அணிந்தே தீரவேண்டும் என்று நம் நாட்டுச் சட்டம் கூறவில்லை, அறிவு கூறுகிறது. கவசத்தின் உள்ளே இருக்கும் நுரைப்பொருள், மோதும்போது தான் நசுங்கி, மோதலின் வேகத்தைத் தான் வாங்கிக்கொள்கிறது. நசுங்கிய நுரை மீண்டும் பழைய நிலைக்கு வராது. ஆதலின் ஒருமுறை பலமாக அடிபட்ட கவசத்தை, வெளியே கீறல் தெரியாவிட்டாலும், மாற்றிவிட வேண்டும். ஐரோப்பிய நாடுகளின் தரவிதி, மிதிவண்டிக் கவசத்தை விநாடிக்கு 5.42 மீட்டர் வேகத்தில் தட்டையான இரும்பின்மீது மோதவிட்டுச் சோதிக்கிறது. அது ஏறத்தாழ ஒன்றரை மீட்டர் உயரத்திலிருந்து விழும் வேகம். அஃதாவது, வண்டியிலிருந்து தவறித் தலை தரையில் மோதுவதற்கு ஏற்ற காவல் அது. லாரியோடு மோதுவதற்கு ஏற்றதன்று. எனவே கவசம் அணிந்துவிட்டோம் என்று துணிந்து லாரிகளுக்கிடையே புகுவது பேதைமை. மணியையும் மறவாதீர்கள், நடந்து செல்வோருக்கு நம் வருகையை அது உணர்த்தும்.

இனி, வழியில் நின்றுவிடாமல் காப்பவை. ரோடு பைக்கின் மெல்லிய டயரில் காற்று மிகுந்த அழுத்தத்தில் இருக்க வேண்டும். குறைந்தால் குழியில் இறங்கும்போது டியூப், ரிம்முக்கும் தரைக்கும் இடையே நசுங்கிக் கிழியும். அதன் காற்றுவாயோ நம் ஊர்ச் சைக்கிளின் வால்வைப் போன்றதன்று. ‘பிரஸ்டா’ எனப்படும் மெல்லிய வகை. சாலையோரப் பஞ்சர் கடையின் குழாய் அதற்கு நேரே பொருந்தாது. இரண்டையும் இணைக்கும் சிறு பித்தளைத் திருகு ஒன்று மலிவாகக் கிடைக்கும். அதனையும், ஒரு கைப்பம்பையும், மாற்று டியூப் ஒன்றையும், டயரைக் கழற்றும் நெம்பு இரண்டையும் பையில் வைத்துக்கொண்டால், ஆளில்லாச் சாலையில் வண்டியைத் தள்ளிக்கொண்டு நடக்க வேண்டியிராது.

இப்போது களவைப் பற்றிப் பார்ப்போம். மிதிவண்டித் திருட்டைச் சிறு திருட்டு என்று எண்ணுவோர் உண்டு. 1948-ஆம் ஆண்டில் இத்தாலியில் விட்டோரியோ டி சிகா எடுத்த ‘மிதிவண்டித் திருடர்கள்’ என்னும் திரைப்படம், 1952-இல் இந்தியாவில் நடந்த முதல் பன்னாட்டுத் திரைப்பட விழாவிலும் காட்டப்பட்டது. சைக்கிள் உள்ளவனுக்கே வேலை என்ற நிலையில், வீட்டுப் படுக்கை விரிப்புகளை அடகு வைத்து வண்டியை மீட்கிறான் ஓர் ஏழை. வேலைக்குச் சென்ற முதல் நாளே அதனைப் பறிகொடுக்கிறான். திருடு போனது வண்டி மட்டுமன்று, வேலையும் போயிற்று. நம் நாட்டிலும் இதுவே உண்மை. தமிழ்நாட்டில் 2001–02-ஆம் ஆண்டில் ஆதிதிராவிடர், பழங்குடி மாணவியர்க்கெனத் தொடங்கிய விலையில்லா மிதிவண்டித் திட்டம் பின்னர் மற்ற மாணவ மாணவியர்க்கும் விரிந்தது. பீகாரில் 2006-ஆம் ஆண்டில் தொடங்கிய இதுபோன்ற திட்டத்தைக் கார்த்திக் முரளிதரன், நிஷித் பிரகாஷ் என்னும் பொருளியல் அறிஞர்கள் ஆராய்ந்து, உயர்நிலைப் பள்ளியில் சேரும் பெண்களின் அளவு 32 விழுக்காடு உயர்ந்ததென 2017-இல் எழுதினர். வண்டி வந்ததால் ஒரு பெண் பள்ளிக்கு வருகிறாள் என்றால், வண்டி போனால் அவள் பள்ளி நின்றுவிடவும் கூடும். ஆகையால் பூட்டு வாங்குவது வீண்செலவு அன்று.

எந்தப் பூட்டும் உடைக்க முடியாததன்று. பூட்டு செய்வதெல்லாம் திருடனுக்கு நேரத்தையும் சத்தத்தையும் மிகுதியாக்குவதே. பின்சக்கரத்தை மட்டும் பிடிக்கும் வளையப் பூட்டு, கனத்த பழைய சைக்கிளை உருட்டிச் செல்லாமல் தடுக்கும். ஏறத்தாழ 10 கிலோ எடையே உள்ள ரோடு பைக்கையோ ஒருவன் தோளில் தூக்கிக்கொண்டு போய்விடலாம். மெல்லிய கம்பிவடப் பூட்டைக் கைக்கத்தரியால் நொடியில் வெட்டலாம். கெட்டி எஃகுச் சங்கிலியும், லாடம் போல் வளைந்த எஃகுப் பூட்டும் இவற்றினும் வலியன. ஆயினும் விலையை மட்டும் நம்பலாகாது. அமெரிக்காவில் பெயர்பெற்ற ஒரு பூட்டினை, உருளைச் சாவி நுழையும் துளையில் பந்துமுனைப் பேனாவின் குழலைச் செருகித் திறந்துவிடலாம் என்பது 2004-ஆம் ஆண்டில் வெளிப்பட்டது. சாதாரணத் தட்டைச் சாவி உள்ள நல்ல பூட்டே போதுமானது.

பூட்டைவிடப் பூட்டும் முறை முதன்மையானது. முன்சக்கரத்தை மட்டும் கம்பத்தில் பூட்டினால், மாலையில் சக்கரம் மட்டுமே மிஞ்சும். ரோடு பைக்கின் சக்கரங்கள் பலவற்றைக் கருவியின்றி, ஒரு நெம்பைத் திருப்பியே கழற்றலாம். ஆதலின் வண்டியின் சட்டத்தையும் பின்சக்கரத்தையும் சேர்த்து, அசையாத இரும்புக் கம்பியோடு பிணையுங்கள். கம்பி தரையில் உறுதியாக ஊன்றப்பட்டதா, அதன் உச்சி வழியாக வண்டியைத் தூக்கி எடுக்க இயலுமா என்று பாருங்கள். பூட்டுக்குள் வெற்றிடம் குறைவாக இருக்கட்டும். இடம் இருந்தால் கடப்பாரை நுழையும். சங்கிலி தரையில் கிடக்க வேண்டாம். தரையில் ஊன்றி அழுத்தி வெட்டுவது எளிது. முன்சக்கரத்துக்கு வேறு வகைப் பூட்டொன்று இட்டால், திருடனுக்கு இரு வகைக் கருவிகள் வேண்டியிருக்கும். விளக்கையும் பம்பையும் கழற்றிக் கையோடு எடுத்துச் செல்லுங்கள். நிறுவனப் பேருந்து ஏறுமிடத்தில் காலை முதல் மாலை வரை வண்டியை விட்டுச் செல்வோர், சீட்டுக் கொடுக்கும் சைக்கிள் நிலையம் அருகில் இருந்தால் அதனையே நாடுக. இல்லையெனில் ஆள்நடமாட்டமும் வெளிச்சமும் உள்ள இடமே நன்று.

முற்காலத்தில் நகராட்சிகள் சைக்கிளுக்கு வரி பெற்று, எண் பொறித்த வில்லை ஒன்றைத் தந்தன. இன்று வண்டிக்கு அடையாளம் அதன் சட்டத்தில், பெரும்பாலும் மிதிகட்டை அச்சின் அடியில், பொறித்துள்ள எண்ணே. வாங்கிய அன்றே அதனைக் குறித்துக்கொண்டு, வண்டியைப் படம் எடுத்து, விலைச்சீட்டையும் பத்திரப்படுத்துங்கள். 2024 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 303-ஆம் பிரிவு திருட்டைப் பற்றியது. களவு போன பொருள் ரூ. 5,000-க்குக் குறைந்ததா மிகுந்ததா என்பதைப் பொறுத்து வழக்கின் வகையே மாறுகிறது. ஆகவே விலைச்சீட்டு வெறுந்தாள் அன்று. வழக்குப் பதிவானால் முதல் தகவல் அறிக்கையின் படி ஒன்றைக் கட்டணமின்றிப் பெறுவது புகார் கொடுத்தவரின் உரிமை. எண்ணும் சீட்டும் இல்லாதவர், மீட்கப்பட்ட வண்டி கண்முன் நின்றாலும் தமதென்று மெய்ப்பிக்க இடர்ப்படுவர்.

மட்கார்டு, தண்ணீர்ப்புட்டி, வேகமானி முதலியவை நல்லனவே, பின்னர் வாங்கலாம். வெள்ளம் வருமுன் அணை கோலுதல் நம் முன்னோர் சொன்ன அறிவுரை. பின்விளக்கு ஒளிர்கிறதா, டயரில் காற்று உள்ளதா, பிரேக்குப் பிடிக்கிறதா, பூட்டும் சாவியும் கையில் உள்ளனவா என்று புறப்படுமுன் ஒவ்வொரு நாளும் பார்க்க அரை நிமிடம் போதும். அந்த அரை நிமிடத்தை வழக்கமாக்கிக் கொள்ளுங்கள் என்று கேட்டு அமைகின்றேன்.