கை வெட்டப்பட்டது யாருக்கு? – அமானத் கான் பற்றிச் சில குறிப்புகள்

தாஜ்மகால் கட்டி முடிந்ததும் அதில் வேலை செய்தவர்களின் கைகளை ஷாஜகான் வெட்டிவிட்டார் என்ற கதையைப் பள்ளிக்கூட நாளிலேயே கேட்டிருப்போம். எங்கள் பம்மல் வாட்ஸ்அப் குழுக்களில் அது இன்னும் சுற்றிக்கொண்டிருக்கிறது, 20,000 பேர் என்ற எண்ணிக்கையோடு. "ஆதாரம் இல்லீங்க" என்று பதில் போட்டால் யார் கேட்கிறார்கள்? அதனால் எதிர்த்தரப்பு ஆதாரம் ஏதாவது இருக்கிறதா என்று தேடினேன். இருக்கிறது. அதுவும் தாஜ்மகாலின் உள்சுவரிலேயே, ஒரு கையொப்பமாக.

நம்மூர் சோழர் காலக் கல்வெட்டுகளின் கடைசியில் "இவை இன்னார் எழுத்து" என்று ஊர்க்கணக்கரோ அதிகாரியோ ஒப்பமிட்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். தாஜ்மகாலில் உள்ளே ஓடும் குர்ஆன் வாசகங்களின் முடிவிலும் அப்படி ஒன்று உண்டு. எழுதியவர் அமானத் கான் ஷிராஸி, ஹிஜ்ரி 1048, பேரரசரின் 12ஆம் ஆட்சியாண்டு. நம் கணக்கில் 1638-39. அவ்வளவு பெரிய கட்டடத்தில் தன் பெயரைப் பொறித்துக்கொண்ட கலைஞர் இவர் ஒருவர்தான்.

யார் இவர்? இயற்பெயர் அப்துல் ஹக். ஈரானின் ஷிராஸ் நகரத்துக்காரர். ஜஹாங்கீர் காலத்தில் தன் சகோதரர் முல்லா சுக்ருல்லாவோடு இந்தியா வந்தார். ஆக்ராவுக்குப் பக்கத்தில் சிகந்தராவில் இருக்கிற அக்பர் சமாதியின் நுழைவாயில் எழுத்துகள் இவருடையவை. அங்கே 1613ஆம் ஆண்டோடு, பட்டம் எதுவும் இல்லாமல் சொந்தப் பெயரில் ஒப்பமிட்டிருக்கிறார். 1632இல் ஷாஜகான் கொடுத்த பட்டம்தான் அமானத் கான். 'அமானத்' என்றால் நம்பி ஒப்படைக்கப்பட்டது என்று பொருள். நம் கணக்குப் புத்தகத்து 'அனாமத்து' இதே சொல்லிலிருந்து வந்ததுதான்! அரசவையில் பதவித் தரம் பெற்ற அதிகாரி அவர். சகோதரர் இன்னும் மேலே போய், அஃப்சல் கான் என்ற பட்டத்தோடு ஷாஜகானின் தலைமை அமைச்சராகவே ஆனார்.

சரி, அவர் செய்த வேலை என்ன? வெள்ளைப் பளிங்கில் எழுத்து வடிவத்தைக் குடைந்து, அந்தக் குழியில் கறுப்புக் கல்லை அச்சாக வெட்டிப் பதிக்க வேண்டும். கல்லை வெட்டியவர்கள் வேறு ஆட்கள். எழுத்தின் வடிவம், அளவு, எந்த வரி எங்கே உடைய வேண்டும் என்பதெல்லாம் எழுத்துக் கலைஞரின் பொறுப்பு. பெரிய வளைவுகளைச் சுற்றி யாசீன் அத்தியாயம் ஓடுகிறது. 14 அத்தியாயங்கள் முழுமையாகவே இடம்பெற்றிருக்கின்றன.

இங்கே ஒரு சிக்கல் வரும். ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பாருங்கள். சுவரிலிருந்து 20 மீட்டர் தள்ளி நிற்கிறோம். கண் மட்டத்துக்கு 20 மீட்டர் மேலே இருக்கும் எழுத்து, கண்ணுக்கு நேராக இருக்கும் அதே அளவு எழுத்தோடு ஒப்பிட்டால், அகலத்தில் சுமார் 70 சதவீதமாகவும் உயரத்தில் சரிபாதியாகவும்தான் தெரியும். தூரம் கூடுவதால் இரண்டுமே சுருங்கும். அண்ணாந்து சாய்வாகப் பார்ப்பதால் உயரம் இன்னும் ஒரு மடங்கு சுருங்கும். இதைச் சரிக்கட்ட, மேலே போகப் போக எழுத்தைப் பெரிதாக்கியிருக்கிறார்கள். கீழே நிற்பவருக்கு எல்லாம் ஒரே சீராக இருப்பதுபோல் தெரியும். கணினி எழுத்துருவில் ஒரு எழுத்தின் அளவைச் சரிசெய்யவே நாங்கள் தலையைப் பிய்த்துக்கொள்வோம். இவர்கள் அதைக் கல்லில் செய்தார்கள், தப்பினால் 'அன்டூ' கிடையாது.

இப்போது கை வெட்டிய கதைக்கு வருவோம். 1639 தொடக்கத்தில் அஃப்சல் கான் லாகூரில் இறந்துபோகிறார். அந்தத் துக்கத்தில் அமானத் கான் அரசவையை விட்டு விலகி, இன்றைய பஞ்சாபின் தரன் தாரன் மாவட்டத்தில் வழிப்போக்கர்களுக்காக ஒரு சத்திரம் கட்டினார். சராய் அமானத் கான் என்று அந்த ஊருக்கே அவர் பெயர்தான். அந்தச் சத்திர வாசலின் எழுத்துகளும் அவர் கைப்பட எழுதியவை, 1640-41ஆம் ஆண்டு ஒப்பத்தோடு. தாஜ்மகாலில் கையொப்பம் போட்ட பிறகு! வெட்டப்பட்ட கை எப்படி எழுதும்? அவர் இறந்தது 1644-45 வாக்கில். தாஜ்மகால் பெருவாயில் எழுத்து வேலை அதற்குப் பிறகும் நடந்து 1647-48இல் முடிகிறது. 1639இல் டெல்லியில் ஷாஜகானாபாத் என்று ஒரு புது நகரத்தையே ஆரம்பித்தவர் ஷாஜகான். தேர்ந்த தொழிலாளிகளின் கையை வெட்டிவிட்டு அதை யாரை வைத்துக் கட்டுவார்?

ஆனால் கை வெட்டப்பட்ட அரபு எழுத்துக் கலைஞர் ஒருவர் நிஜமாகவே உண்டு. ஷாஜகானுக்கு 700 ஆண்டுகள் முந்தியவர், பாக்தாத்தின் இப்னு முக்லா. மூன்று கலீஃபாக்களிடம் அமைச்சராக இருந்தவர். பேனா முனையை அழுத்தினால் விழும் சாய்சதுரப் புள்ளியை அலகாக வைத்து, 'அலிஃப்' எத்தனை புள்ளி உயரம், மற்ற எழுத்துகள் அதற்கு என்ன விகிதம் என்று முறைப்படுத்தியவர் என்று அரபு மரபு இவரைத்தான் சொல்கிறது. தாஜ்மகாலில் நாம் பார்க்கும் 'துலுத்' வகை எழுத்தும் இந்த விகித மரபில் வந்ததுதான். அரசியல் சண்டையில் 938இல் இவருடைய வலது கையை வெட்டினார்கள். 940இல் சிறையிலேயே இறந்தார். வெட்டுப்பட்ட கையில் பேனாவைக் கட்டிக்கொண்டு எழுதினார் என்றும் சொல்வார்கள். அவர் கை போனதற்குக் காரணம் எழுத்து இல்லை, பதவி.

வாட்ஸ்அப் கதையில் எனக்குள்ள வருத்தம் ஷாஜகானுக்காக இல்லை. அந்தக் கதையில் வேலை செய்தவர்கள் பெயரில்லாத, கையில்லாத கூட்டமாகிவிடுகிறார்கள். அவர்களின் திறமையைப் பற்றி யாரும் பேசுவதே இல்லை. எத்தனையோ பேரின் பெயர் நமக்குக் கிடைக்காமலே போய்விட்டது. கிடைத்திருக்கும் ஒரு பெயரையாவது தெரிந்து வைத்துக்கொள்வோமே. அடுத்த முறை அந்த ஃபார்வேர்ட் வந்தால் இரண்டே ஆண்டுகளை எழுதி அனுப்புங்கள்: தாஜ்மகால் 1638-39, சராய் 1640-41. இரண்டு இடத்திலும் ஒரே கை.