இழுபடாத மாவில் பீட்சா

மைதாவைக் கெட்டியாகப் பிசைந்து, அரைமணி கழித்துத் தண்ணீரில் கசக்கிக் கழுவிப் பாருங்கள். மாவுச்சத்து பால்போலக் கரைந்தோடும். ரப்பர் போன்ற ஒரு பொருள் கையில் மிஞ்சும். இதுவே குளூட்டன் என்னும் புரதம். பீட்சா மாவில் ஈஸ்ட் உண்டாக்கும் கரியமில வாயுவைப் பலூன்போலப் பிடித்துவைப்பது இதுதான்.

ஆனால், சீலியாக் நோயுள்ள குழந்தை குளூட்டனை உண்டால் சிறுகுடலின் குடலுறிஞ்சிகள் சிதைகின்றன; உணவுச்சத்து உடலில் சேர்வதில்லை. இந்நோய்க்கும் கோதுமைக்கும் உள்ள தொடர்பை டச்சுக் குழந்தை மருத்துவர் வில்லம் டிக்கே 1950-இல் தம் ஆய்வேட்டில் விளக்கினார்.

அக்குழந்தைக்குப் பீட்சாவே கிடையாதா? உண்டு! அரிசி மாவில் குளூட்டன் இல்லை; ஆகவே வாயுவும் தங்காது. மலச்சிக்கலுக்குக் கடையில் விற்கும் இசப்கோல் உமி இங்கே கைகொடுக்கிறது. நீரில் ஊறினால் அது வழவழப்பான கூழாகி வாயுக்குமிழிகளை ஓரளவு பிடித்துவைக்கும். 200 கிராம் அரிசி மாவுக்கு இரண்டு மேசைக்கரண்டி உமி போதும். ஈஸ்ட்டும் வெதுவெதுப்பான நீரும் சேர்த்து, அடைபோல ஈரக்கையால் தட்டில் பரப்புங்கள். மாவு உப்பியதும் அடித்தட்டை மட்டும் முதலில் சுட்டெடுங்கள். வெந்த மாவுச்சத்து இறுகிய பின்பே தக்காளிச் சாறும் பாலாடைக்கட்டியும்; இல்லையேல் ஈரம் இறங்கிக் களியாகிவிடும்.

ஓர் எச்சரிக்கை: கிலோவுக்கு 20 மில்லிகிராமுக்கு மேல் குளூட்டன் இருந்தாலே அது 'குளூட்டன் இல்லாத' உணவு அன்று என்பது சர்வதேச அளவுகோல். மைதா சலித்த சல்லடையே போதும், கெடுப்பதற்கு! எனவே அன்று வீட்டில் அனைவரும் இதே பீட்சாவை உண்பதே நல்லது. குழந்தைக்குப் பாதுகாப்பு, தனித்து உண்ணும் வருத்தமும் இல்லை.