வழியும் தடமும்: பெருங்கணிப்பொறி வலையமைப்பில் ஒரு கலைச்சொற் சிக்கல்

1975இல் பொதுத்துறை நிறுவனமாகத் தோன்றிய சி.எம்.சி., 1980களில் 'இண்டோநெட்' என்னும் வலையமைப்பை நிறுவியது. கல்கத்தா, பம்பாய், சென்னை முதலிய நகரங்களை இணைத்த அவ்வமைப்பு, ஐ.பி.எம். 1974இல் அறிவித்த எஸ்.என்.ஏ. கட்டமைப்பைச் சார்ந்தது. சி.எம்.சி. 2015இல் டி.சி.எஸ். நிறுவனத்துடன் இணைந்தது, கொல்கத்தாவின் நியூ டவுனில் அந்நிறுவனத்திற்கு இன்று பெரிய வளாகம் உண்டு. இத்தகைய வலையமைப்பின் கையேட்டைத் தமிழாக்குவோர் எதிர்கொள்ளும் சிக்கல் ஒன்றை இக்கட்டுரை ஆராய்கிறது.

எஸ்.என்.ஏ.வில் செய்தி செல்லும் நெறி மூன்று நிலைகளில் அமைகிறது. முதலாவது, அடுத்தடுத்த இரு கணுக்களுக்கு இடையிலுள்ள கம்பித் தொடர்பு. இணையான கம்பிகள் பல சேர்ந்து ஒரே குழுவாகவும் இயங்கலாம். இரண்டாவது 'எக்ஸ்ப்ளிசிட் ரூட்': எந்தக் கணுக்களையும் எந்தக் குழுக்களையும் கடந்து செல்ல வேண்டும் என்னும் திட்டமான வரிசை. மூன்றாவது 'வர்ச்சுவல் ரூட்': இரு முனைகளும் தமக்குள் கொள்ளும் ஏரண முறையிலான உறவு. இதற்கு மூன்று முன்னுரிமைகள் உண்டு.

விளக்கத்திற்காக, கல்கத்தாவிலிருந்து பம்பாய் வழியே சென்னைக்குச் செய்தி செல்வதாகக் கொள்வோம். கல்கத்தாவின் அட்டவணையில் முழுப் பயணமும் எழுதப்படுவதில்லை. 'சென்னைக்குரியதைப் பம்பாயிடம் இன்ன குழுவில் ஒப்படை' என்பதே அதில் இருக்கும். அஞ்சல் பிரிப்பகம் அடுத்த பையை மட்டும் அறிந்திருப்பது போன்றது இது. பம்பாயின் அட்டவணையில் சென்னைக்குரிய வரி விடுபட்டால், கம்பிகள் பழுதின்றி இருப்பினும் அவ்வரிசை இயங்காது. திரும்பும் திசைக்கும் இவ்வாறே தனியாக எழுத வேண்டும். மூன்றாம் நிலையோ இரு முனைகளில் மட்டுமே வரையறுக்கப்படுவது. பம்பாயில் அதற்கென வரி வேண்டியதில்லை.

இவை மூன்றையும் 'பாதை' என்றோ 'வழி' என்றோ ஒரே சொல்லால் பெயர்த்தால், பழுது நீக்குவோர் எந்தக் கணுவில் எதைத் தேடுவது என அறியார். சொல் மயக்கம் இங்குச் செயல் மயக்கமாகிவிடும்.

தமிழ் இவ்வேறுபாட்டை முன்னரே தன்னுள் கொண்டுள்ளது. 'தடம்' நிலத்தில் பதிவது. வண்டித்தடம், ஒற்றையடித்தடம் என அடியடியாகச் சுட்டிக்காட்டத்தக்கது. 'வழி' நிலத்தையும் குறிக்கும். 'வழிவகை', 'வேறு வழியில்லை' என்பனபோல் நிலம் கடந்த உபாயத்தையும் குறிக்கும். எனவே முதல் நிலைக்கு 'இணைப்பு', இரண்டாவதற்குக் 'குறித்த தடம்', மூன்றாவதற்கு 'மெய்நிகர் வழி' என்பன பொருந்தும். 'எக்ஸ்ப்ளிசிட்' என்பதை 'வெளிப்படை' எனப் பெயர்த்தல் தகாது. மறைவுக்கு எதிரானது என்னும் பொருள் இங்கில்லை, ஒவ்வோர் அடியும் குறிக்கப்பட்டது என்பதே கருத்து.

'வரையறுத்தல்' என்னும் சொல்லும் கவனத்திற்குரியது. அகராதியில் வரையறை, உள்ள பொருளை விளக்குகிறது. அட்டவணையிலோ அது கட்டளை. எழுதப்படாத தடம், கம்பி இருந்தும், கணிப்பொறிக்கு இல்லாத தடமே. ஆதலின், எச்சொல்லைத் தேர்ந்தாலும் நூல் முழுவதும் ஒரு நிலைக்கு ஒரு சொல்லே ஆளப்பெறல் வேண்டும் என்பது இக்கட்டுரையின் துணிபு.